செடித் தொட்டியின் இருபத்து நான்கு மணி நேரம்

ஆர்.ஆர். நகரிலும் ஆலங்குளத்திலும் சிமென்ட் ஆலைகள் எழுந்ததற்கும், சிவகாசி வீட்டு மீன் தொட்டியில் வாலிஸ்னேரியா இலைமேல் வெள்ளைப் பொருக்கு படிவதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பந்தல்குடியில் சுண்ணாம்புக் கல்லாக வெட்டி எடுக்கப்படும் அதே பொருள், கரிசலுக்கு அடியில் சுக்கான் கல்லாகவும் சிதறிக் கிடக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் விடும் கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கலந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைத்து, பைகார்பனேட்டாக்கி, ஆழ்துளைக் கிணற்றில் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ஊர்கள் அடங்கிய மாவட்டத்தில் ‘உப்புத் தண்ணி’ என்று ஒதுக்கப்படும் நீரின் குணத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் தட்டும் பொருக்கும் இதுவே.

சிவகாசியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் மேற்கே ராஜபாளையம். அந்த ஊருக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் வழியாக வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைத் தண்ணீர். பாறைமேல் வழிந்து வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே கடையில் வாங்கிய செடியும் மீனும். ஆனாலும் இரண்டு ஊர்த் தொட்டிகளில் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் வேறு. வேறுபாடு தெரிய வேண்டுமானால் காலையிலிருந்து மறுநாள் காலை வரை அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் பி.எச். எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண் சொல்வார். எத்தனை மணிக்கு எடுத்த எண் என்று சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் அது பெரிய குறையல்ல. செடி அடர்ந்த தொட்டியிலோ, நேரம் சொல்லாத பி.எச். பாதித் தகவல்தான். விளக்கு எரியும்போது செடிகள் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகின்றன. விளக்கு அணைந்ததும் செடி, மீன், வடிகட்டியிலுள்ள பாக்டீரியா என்று எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. அந்த வாயு நீரில் அமிலமாக நடந்துகொள்வதால், பகலில் பி.எச். ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அம்மோனியாவின் நச்சும், இரும்பின் கிடைப்பும், சுண்ணாம்பின் படிவும் ஊசலாடுகின்றன.

இது பற்றிய அறிவு இன்று நேற்று வந்ததல்ல. 1779இல் யான் இங்கன்ஹவுஸ், நீர்ச்செடிகளின் மேல் வெயில் பட்டால் குமிழிகள் எழுவதையும் இருட்டில் அவை நின்றுவிடுவதையும் கவனித்து எழுதினார். இரவில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்ற அச்சமும் அவர் எழுத்தின் வழியே பரவியது. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்னேரியா செடியையும் கண்ணாடித் தொட்டியில் வைத்து, அழுகும் இலைகள் நீரைக் கலக்கியபோது நத்தைகளைச் சேர்த்து, தொட்டி தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்று காட்டினார். இன்றைய அலங்கார மீன் தொட்டிக் கலை அந்தச் சோதனையிலிருந்து கிளைத்தது என்று சொல்வதில் மிகையில்லை. வாரிங்டனிடம் பி.எச். அளவுகோல் கிடையாது, அது 1909இல்தான் சோரன்சனால் உருவாக்கப்பட்டது. அதனால் அவருடைய ‘சமநிலை’ என்ற சொல்லுக்குள் ஒவ்வொரு நாளும் நடக்கும் ஏற்ற இறக்கம் தெரியாமலே போனது.

அந்த ஏற்ற இறக்கத்தை நேரம் வைத்து அளக்கும் வேலையில் தமிழ்நாட்டுக்கு மதிப்பான இடம் இருக்கிறது. 1940இல் எஸ்.வி. கணபதி, நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். 1955இல் அவர் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இந்தப் பேச்சுக்கு நேராகவே பொருந்துகிறது. மேட்டூர் அணைப் பகுதியில், ஓடைப் படுகையில் மழைக்குப் பின் தேங்கும் மூன்று பாறைக் குட்டைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் கரைந்த வாயுக்களும் பி.எச்.சும் உயிர்களுக்கு வேண்டிய கரைபொருள்களும் ஒரு நாளுக்குள் எப்படி மாறுகின்றன என்று அளந்தார். ஆழமில்லாத, வெயில் நேராக விழும், மீன் தொட்டியோடு ஒப்பிடக்கூடிய சின்ன நீர்நிலைகள் அவை. அடுத்த ஆண்டு, 1956இல், அமெரிக்காவில் ஹோவர்ட் ஓடம் நாள் முழுதும் ஆக்சிஜனை அளந்து, அந்த வளைகோட்டிலிருந்தே ஓடும் நீரின் உற்பத்தியைக் கணக்கிடும் முறையை வகுத்தார். ஓடத்தின் பெயர் உலகப் பாடநூல்களில் நிலைத்தது. மேட்டூர்க் குட்டைகளில் அளந்தவரின் பெயர் தமிழ்நாட்டு மீன் தொட்டிக்காரர்களுக்கே தெரியாது என்பது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

இனி அளவுகளுக்கு வரலாம். காற்றோடு சமநிலையில் இருக்கும் 30 டிகிரி நீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். அந்த வாயு நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. நல்ல வெளிச்சம் கிடைக்கும் செடிக்கு இது போதாது. மீனின் மூச்சும் அடிமண் மக்குவதும் இரவெல்லாம் சேர்த்துவைத்த வாயுவை, விளக்கு போட்ட சில மணி நேரத்தில் செடிகள் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகு எரியும் வெளிச்சத்தால் செடிகளைவிடப் பாசிக்குத்தான் அதிக லாபம்.

கார்பன் டை ஆக்சைடு, பி.எச்., கார்பனேட் கடினத்தன்மை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் கட்டுண்டவை. தொட்டிக்காரர்கள் கே.எச். என்று சொல்லும் மூன்றாவது அளவின் ஒரு டிகிரி, லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பி.எச். 7ஆக இருக்கும்போது கே.எச். அளவை மூன்றால் பெருக்கினால் வாயுவின் மில்லிகிராம் கிடைக்கும். பி.எச். ஒன்று ஏறினால் வாயு பத்தில் ஒரு பங்காகும். ஒன்று இறங்கினால் பத்து மடங்காகும்.

கே.எச். அதிகமாக இருந்தால் பி.எச். ஆடாது என்று கடைகளில் அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. வாயுவின் அளவு எத்தனை மடங்கு மாறுகிறதோ அதற்கேற்பத்தான் பி.எச். மாறும், வாயு பத்தில் ஒரு பங்கானால் ராஜபாளையத்து மென்னீரிலும் சிவகாசிக் கடின நீரிலும் பி.எச். ஒன்றுதான் ஏறும். ஆனால் செடிகள் ஒரே அளவு கார்பனை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. கே.எச். 1, பி.எச். 7 உள்ள மென்னீரில் கரைந்த வாயு லிட்டருக்கு 3 மில்லிகிராம். செடிகள் அந்த மூன்றையும் உறிஞ்சிவிட்டால் பி.எச். 8.3க்குத் தாவும். கே.எச். 12, பி.எச். 8 உள்ள கடின நீரில் வாயு 3.6 மில்லிகிராம், அதிலிருந்தும் மூன்றை எடுத்தால் பி.எச். ஏறுவது ஏறத்தாழ 0.35 மட்டுமே. பைகார்பனேட் உடைந்து, காலியான வாயுவை நிரப்பிக்கொடுப்பதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், மாலையில் இரண்டும் வந்து நிற்பது அநேகமாக ஒரே இடத்தில்தான். மென்னீர் வெகுதூரம் ஏறி அங்கே வருகிறது. கடின நீர் காலையிலேயே அதன் பக்கத்தில் நின்றிருக்கிறது. இந்தக் கணக்கில் காற்றிலிருந்து வந்து சேரும் வாயுவைச் சேர்க்கவில்லை. தொட்டியில் நீரோட்டம் நன்றாக இருந்தால் ஏற்றம் இரண்டிலும் கொஞ்சம் தணியும்.

கடின நீரில் வாயு தீர்ந்த பிறகும் சில செடிகள் வேலையை நிறுத்துவதில்லை. கண்மாய்களில் தானாக வளரும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும், தொட்டிகளில் மிதக்கும் செரட்டோஃபில்லமும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த எஜீரியாவும் பைகார்பனேட்டையே பயன்படுத்தத் தெரிந்தவை. ஹைட்ரில்லா, எஜீரியா போன்றவற்றின் இலை, தன் அடிப்பக்கத்தில் அமிலத்தை வெளியே தள்ளி, அங்கே பைகார்பனேட்டை வாயுவாக மாற்றி உறிஞ்சுகிறது. மேல்பக்கத்தில் காரம் மிஞ்சுகிறது; இலையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் பி.எச். பத்தைத் தாண்டும். அங்கே கால்சியம் கார்பனேட் கரைந்திருக்க முடியாமல் படிகிறது. கண்மாயிலிருந்து பறித்த ஒரு ஹைட்ரில்லாத் தண்டை வெயிலில் உலர்த்தி விரலால் தடவிப் பார்த்தால், இலையின் மேல்முகம் மணல்தாள் மாதிரி சொரசொரக்கும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அப்படிப் படியும் சுண்ணாம்பு நீரிலிருந்து போனதுதான். ஆகவே மாலையில் கே.எச். அளந்தால் காலையைவிடச் சற்றுக் குறைந்திருப்பதும் உண்டு. மாஸ் வகைகளுக்கு இந்தத் திறமை இல்லை. நிறத்துக்காக வாங்கும் கரையோரச் செடிகள் பலவற்றுக்கும் இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வாலிஸ்னேரியா காடாக மண்டும்போது பக்கத்திலிருக்கும் மாஸ் வெளுத்துப் போவதற்கு, உரக்குறைவைவிட இந்தப் போட்டியே அடிக்கடி காரணமாகிறது.

ஹைட்ரில்லாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1950களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவின் டாம்பாவுக்குப் போன இந்தச் செடி, அங்கே கால்வாய்களில் தப்பி வளர்ந்து அமெரிக்காவின் மிகத் தொல்லையான நீர்க்களைகளில் ஒன்றானது. அங்கே பரவிய ஒரு வகைக்குத் தென்னிந்தியச் செடிகளோடு நெருங்கிய உறவு இருப்பதாக மரபணு ஒப்பீடுகள் காட்டின. அது ஏன் இவ்வளவு வெற்றி பெற்றது என்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போவ்ஸும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்தார்கள். வான், ஹாலர், போவ்ஸ் மூவரும் 1976இல் வெளியிட்ட ஒப்பாய்வில் ஹைட்ரில்லாவை செரட்டோஃபில்லம், மிரியோஃபில்லம் ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தபோது, மங்கிய வெளிச்சத்திலேயே அது முந்திக்கொள்வது தெரிந்தது. மற்ற செடிகள் விழிக்கும் முன்பே, இரவில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியை அது கைப்பற்றிவிடுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொரு வியப்பைக் காட்டின. கோடையில் வாயு தீர்ந்து ஆக்சிஜன் மிஞ்சும் அடர்ந்த புதரில், ஹைட்ரில்லா தன் ஒளிச்சேர்க்கையையே சோளமும் கரும்பும் கையாளும் நான்கு கார்பன் வழிக்கு மாற்றிக்கொள்கிறது. அதையும் ஒரே செல்லுக்குள் செய்கிறது.

இன்னொரு செடிக்கூட்டம் இரவையே பகலுக்கான சேமிப்புக் காலமாக்கியது. 1981இல் ஜான் கீலி, கலிஃபோர்னியாவில் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் குட்டைகளில் வளரும் ஐசோயீட்டஸ் என்ற, பெரணிகளைப் போல வித்திகளால் பரவும் செடி, இரவில் வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி வைத்து, பகலில் எடுத்துச் செலவழிப்பதைக் கண்டறிந்தார். வறண்ட நிலத்தில் கற்றாழையும் கள்ளியும் பின்பற்றும் அதே வழி. நீரைச் சேமிக்கக் கள்ளி செய்வதை, கார்பனைச் சேமிக்க நீர்ச்செடி செய்கிறது. தென்னிந்தியாவின் பருவக் குட்டைகளில் வளரும் ஓர் ஐசோயீட்டஸ் இனத்துக்குச் சோழமண்டலக் கரையின் பெயரே அறிவியல் பெயராக இருக்கிறது.

அம்மோனியாவின் கதைதான் மீனுக்கு உயிர்ப் பிரச்சினை. கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனி அவ்வளவாகத் தீங்கு செய்யாது. அயனியாகாத அம்மோனியா செவுளை எரிக்கும். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி நீரில் பி.எச். 7ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8இல் அது ஏழரை விழுக்காட்டை நெருங்குகிறது. 8.5இல் இருபது. 9இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. காலையில் சோதனைக் குப்பியில் பார்த்த அதே வெளிர்பச்சை நிறம் மாலையிலும் இருக்கலாம். நச்சு மட்டும் இடையில் பல மடங்கு கூடியிருக்கும். செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உண்பதால், நன்றாக ஊன்றிய தொட்டியில் இந்த ஆபத்து அடங்கிக் கிடக்கிறது. புதிதாக நட்ட தொட்டியில், வேர் பிடிக்காத செடிகளோடும், வடிகட்டியில் பாக்டீரியா பெருகாத முதல் சில வாரங்களிலும், உப்புத் தண்ணீர் ஊற்றியவர்களுக்குத்தான் பிற்பகல் மரணங்கள் நேர்கின்றன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தும் மீன் செத்துவிட்டதே என்று கடைக்கு வந்து புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்.

ஆக்சிஜனுக்கு வந்தால் இங்கன்ஹவுஸ் விதைத்த பழைய பயத்தைத் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. இரவில் செடிகள் ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொன்றுவிடுமா? நீரின் மேற்பரப்பு சிலிர்க்கும் அளவுக்கு வடிகட்டி ஓடும் தொட்டியில், 25 டிகிரியில், அப்படி நடப்பது அரிது. ஆனால் வெப்பம் ஏறும்போது கணக்கு மாறுகிறது. 25 டிகிரியில் நீர் தாங்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 35 டிகிரியில் 7க்குச் சற்றுக் குறைவு. அதே பத்து டிகிரி ஏற்றத்தில் மீனும் பாக்டீரியாவும் மூச்சுக்கு எடுக்கும் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலைதான் சித்திரை, வைகாசியில் கரிசல் பூமி வீடுகளில் இருப்பது. கண்மாய் மீன்களுக்கு இது பழகிய வாழ்க்கை. விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றையே நேராகச் சுவாசிக்கும் உறுப்போடு பிறந்தவை. தொட்டிகளில் ஃபைட்டரும் கௌராமியும் அதே வகை. டெட்ராவுக்கும் தங்கமீனுக்கும் அந்த வசதி கிடையாது. விடியலில் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அல்ல.

கண்மாய்க்கும் வீட்டுத் தொட்டிக்கும் உள்ள ஒரு பெரிய வேறுபாட்டை எளிய வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன. கண்மாயில் ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம் விடியற்காலை. நீர் மிகக் குளிர்ந்திருக்கும் நேரமும் அதுவே. குறைந்த ஆக்சிஜனைக் குறைந்த வெப்பம் ஓரளவு ஈடுகட்டுகிறது. வீட்டுத் தொட்டிக்குச் சூரியன் விளக்குப் பொத்தான்தான். அச்சகத்துக்கோ ஆலைக்கோ காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் குடும்பங்களில், மனிதர்கள் பார்க்கும் நேரத்துக்காகத் தொட்டி விளக்கு மாலை நான்கு மணி முதல் இரவு பத்து வரை எரிகிறது. அந்தத் தொட்டியின் நடுப்பகல் இரவு ஏழு மணி. அதன் விடியற்காலை பிற்பகல் மூன்றரை மணி. சன்னல் வெளிச்சம் போதாத அறையானால், பதினெட்டு மணி நேர இருட்டில் ஆக்சிஜன் கீழே வந்து நிற்பதும், ஓட்டு வீட்டிலோ தாழ்ந்த காங்கிரீட் கூரைக்கு அடியிலோ வெப்பம் உச்சிக்குப் போவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கண்மாயில் ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டும் இங்கே ஒன்றாகச் சேர்ந்து மீனைத் தாக்குகின்றன. கோடை மட்டுமாவது விளக்கு நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் பிரிப்பது இந்த ஊர்களுக்கு ஏற்ற முறை என்று துணிந்து சொல்லலாம்.

அந்தப் பிரிப்புக்கு வேறொரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட செடித் தொட்டிச் சூழலியல் நூல், மண் பரப்பிய, கார்பன் டை ஆக்சைடு ஏற்றாத எளிய தொட்டிகளை உலகம் முழுதும் பரப்பியது. விளக்கை நடுவில் சில மணி நேரம் அணைத்து வைத்தால், மண்ணிலிருந்தும் மீனிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு மறுபடி சேர்ந்து, பிற்பகல் வெளிச்சம் வீணாகாமல் செடிக்குப் பயன்படும் என்பது அவருடைய யோசனை. காலை ஆறு முதல் பத்து, மாலை ஐந்து முதல் ஒன்பது என்று வைத்தால் விளக்கின் சூடும் உச்சி வெயிலோடு சேராது. இடைப்பட்ட நேரத்தில் காற்றுப் பம்பை ஓட்டுவது நல்லது. வாயு ஏற்றும் தொட்டியில் விளக்கு எரியும்போது காற்றுக் கல்லை ஓட்டுவது, ஏற்றிய வாயுவை வெளியே துரத்துவதாகும். இருட்டில் அதே கல் மீனைக் காப்பாற்றுகிறது.

மின்தடையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிற்கும் நாளில், விளக்கும் வடிகட்டியும் சேர்ந்து நிற்கின்றன. தொட்டிக்கு அது நீண்ட இரவு. வடிகட்டிப் பெட்டிக்குள் அடைபட்ட நீரில் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். மூடிய வடிகட்டியானால் ஓடவிடும் முன் அந்த நீரைக் கொட்டிவிடுவது மேல்.

சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறவர்கள் பொதுவாக லிட்டருக்கு 30 மில்லிகிராமைக் குறியாக வைக்கிறார்கள். தகாஷி அமானோவின் ஜப்பானியத் தொட்டிப் படங்களில் பி.எச். 6.5 என்று படித்துவிட்டு அதே எண்ணைக் கரிசல் நீரில் எட்ட முயல்வது உயிராபத்து. கே.எச். 4 உள்ள நீரில் பி.எச். 6.6 என்றால் வாயு 30 மில்லிகிராம். கே.எச். 12 உள்ள ஆழ்துளை நீரை 6.5க்கு இறக்க வேண்டுமானால் 110 மில்லிகிராமுக்கு மேல் ஏற்ற வேண்டும். அதற்குள் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அந்த நீருக்கு 30 மில்லிகிராம் என்பது பி.எச். 7.1. ஆகவே எண்ணைப் பார்க்காமல், காலையில் வாயு ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பவர்களே பிழைக்கிறார்கள்.

தொட்டிச் சுவரில் ஒட்டும் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. டிராப் செக்கர் என்பார்கள். உள்ளே கே.எச். 4 அளந்து கலந்த நீரும் புரோமோதைமால் புளூ என்ற சாயமும். தொட்டி நீருக்கும் அதற்கும் நடுவே காற்றிடைவெளி இருப்பதால் வாயு மட்டும் கடந்து போகிறது. வாயு குறைவானால் நீலம், போதுமானால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். ஆனால் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு அது காட்டும் பச்சை, விடிகாலையின் செய்தி. சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலை நம்புகிறவர்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் கெடுதல்: பாட்டிலை இரவில் நிறுத்த முடியாது, சிவகாசியின் வெப்பத்தில் ஈஸ்ட் வேகமாகவும் பொங்கும். விடியலில் ஆக்சிஜன் குறைந்து வாயு மிஞ்சிய நீரில், இருக்கிற ஆக்சிஜனைப் பற்றும் திறனையும் மீனின் ரத்தம் இழக்கிறது.

பட்டாசுத் தொழிலுக்கும் செடித் தொட்டிக்கும் பொதுவான ஒரு பொருள் வெடியுப்பு. பொட்டாசியம் நைட்ரேட் என்ற அதே வேதிப்பொருள் உலகெங்கும் செடித் தொட்டிகளின் முதன்மை உரம். நூறு லிட்டரில் ஒரு கிராம் கரைத்தால் நைட்ரேட் லிட்டருக்கு ஆறு மில்லிகிராமும் பொட்டாசியம் நான்கு மில்லிகிராமும் கூடும். உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் கிடைப்பது இதுதான். பருத்தி, மிளகாய் விவசாயிகளுக்கு அது புதிதல்ல. ஆலையில் கையாளும் சரக்கைத் தொட்டியில் போடுவது மட்டும் கூடவே கூடாது. பல ரசாயனங்கள் புழங்கும் இடத்தில் கலப்படம் எளிது. பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்ததற்குக் காரணமே அவற்றின் நச்சு.

நைட்ரேட் நாளுக்குள் பெரிதாக ஆடுவதில்லை. இரும்பு ஆடும். பி.எச். ஏறும் பிற்பகலில் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிப் படிந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கும் இ.டி.டி.ஏ. வகை இரும்பு உரம் வெளிச்சத்திலேயே சிதைகிறது, பி.எச். 7க்கு மேல் பிடிப்பும் தளர்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை இலை மஞ்சளாகிப் பச்சை நரம்பு மட்டும் நிற்பதை இந்த வட்டாரத்தார் பார்த்திருப்பார்கள். தொட்டிச் செடியின் இளந்தளிரிலும் அதே நோய், அதே காரணம். டி.டி.பி.ஏ. அல்லது இ.டி.டி.எச்.ஏ. வகை உரத்தை, விளக்கு போடும் முன், பி.எச். இறங்கியிருக்கும்போது கொடுப்பது பலன் தரும்.

எல்லாமே ஆடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், உப்பு ஏறிக்கொண்டே போகும். அது இறங்குவதே இல்லை. ஈரம் குறைந்த காற்று வீசும் மாவட்டத்தில் இது வேகமாக நடக்கும். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பதை 2013இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்தது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும் இந்த உப்பு, மனிதர்களுக்குப் போலவே மீனுக்கும் தவளைக்கும் தீங்கு. பகல், இரவு, பி.எச்., வெளிச்சம் எதுவும் அதை அசைப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. சாதாரணக் கரி வடிகட்டியும் போதாது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறை, அதாவது வீட்டு ஆர்.ஓ. கருவி, பெரும்பகுதியை நீக்கும்.

ஆர்.ஓ. நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவது அடுத்த தவறு. கே.எச். பூஜ்யத்தை நெருங்கிய நீரில், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா விடும் அமிலத்தைத் தாங்க எதுவும் இல்லை. அந்தப் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தைச் செலவழிக்கிறது. சில வாரங்களில் ஓர் இரவில் பி.எச். 5க்குக் கீழே சரிந்து பாக்டீரியாவே முடங்கிவிடும். கே.எச். 12 உள்ள ஆழ்துளை நீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. நீர் இரண்டு பங்கு என்று கலந்தால் கே.எச். 4 கிடைக்கும், செடிக்கும் மீனுக்கும் இரவுச் சரிவுக்கும் அது போதும். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும், முதல் மழையை விட்டுவிட்டால், ஆர்.ஓ. நீரின் இடத்தை நிரப்பும்.

கலக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மோட்டாரிலிருந்து அப்போதுதான் வந்த ஆழ்துளை நீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும். அதனால் அதன் பி.எச். 7ஐ ஒட்டிக் காட்டும். அதே நீரை ஒரு டிரம்மில் இரவு முழுதும் காற்றுக்கல் போட்டு வைத்துக் காலையில் அளந்தால் 8ஐத் தாண்டியிருக்கும். குழாயடியில் 7 என்று பார்த்து நம்பி, மாலை உச்சத்தில் இருக்கும் தொட்டியில் பாதி நீரை மாற்றுகிறவர், மீனை ஒரே மணி நேரத்தில் இரண்டு வேறு நீர்களில் நீந்த வைக்கிறார். நீர் மாற்றுவதைக் காலையில், விளக்கு போடுவதற்குச் சற்று முன், இரவெல்லாம் காற்றில் நின்ற நீரைக் கொண்டு செய்வது நல்லது. அளப்பதையும் அந்த நேரத்தில் ஒரு முறை, விளக்கு அணைப்பதற்கு அரை மணி முன் ஒரு முறை என்று வைத்து, நோட்டில் எண்ணோடு மணியையும் நீரின் வெப்பத்தையும் எழுதி வந்தால், இரண்டு வாரத்தில் அந்தத் தொட்டியின் வளைகோடு கைக்கு வந்துவிடும். கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறையும் அப்படி எழுதிப் பார்த்தால் போதும். இரண்டும் ஒன்றாக இருக்காது.